ஊர் சுற்றிய மூன்று ஃபேன்கள்

அன்புள்ள குட்டிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அவளுடைய வலது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பும் மனசும் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறோம். ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ உடனே பதில் சொல்லிவிடுவாய், சின்ன வயதிலிருந்தே உனக்குப் பதில் நாக்கு நுனியில்தான் இருக்கும். இந்த விஷயத்துக்கு உடனே பதில் சொல்லக் கூடாது, இரண்டு தடவை படித்துவிட்டு ஒரு நாள் சும்மா இருந்துவிட்டு அப்புறம் சொல்ல வேண்டும். அதுவும் இல்லாமல் நான் போனில் முக்கியமாக எதையாவது ஆரம்பித்தால் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு, குளிருக்குக் கனமான போர்வை வாங்கினாயா என்று கேட்பாள். வாங்கினாயா?

நீ அனுப்பிய உன் கம்பெனியின் வருஷப் புத்தகம் பத்திரமாக வந்து சேர்ந்தது. அட்டை அப்படியொரு வழவழப்பு, உன் அம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொட்டாள். கடைசிப் பக்கத்தில் தொகுத்தவர் என்று உன் பெயர் இருப்பதைப் பால்காரரிடம் காட்டினாள், சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் காட்டினாள், வழி தப்பி வேறு வீட்டைத் தேடி வந்த ஒரு கூரியர்காரரையும் விடவில்லை. எதிர்வீட்டு டீச்சரம்மா உனக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, கம்பெனி நல்லது பண்ணுதான்னு பாத்து எழுதுற வேலை என்று உன் அம்மா சொன்னாள். அதற்கு டீச்சரம்மா, நல்லது பண்ணுறதுன்னா எல்லாரும் சேந்து பண்ண வேண்டியதுதான, அதுக்குத் தனியா ஒரு டிபார்ட்மென்ட்டா என்று கேட்டார். கிண்டலுக்குக் கேட்டாரோ நிஜமாகவே கேட்டாரோ தெரியவில்லை, ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துகொண்டது. உனக்கு என்னைத் தெரியும், புது மிக்ஸி வாங்கினால்கூடப் பிரித்துப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. பெண் எழுதிய புத்தகத்தை விடுவேனா, தெரியாத வார்த்தைகளுக்கு டீச்சரம்மாவிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து எழுத்துக்கூட்டி ஆரம்பித்தேன். மூவாயிரம் மரக்கன்று நட்டதாகப் போட்டிருக்கிறாய், அதற்கெல்லாம் தினமும் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று போடவில்லையே, அடுத்த தடவை அதையும் போடு, என்னை மாதிரி ஆட்கள் அதைத்தான் கேட்போம். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த பெஞ்சுகளின் படம் நன்றாக இருந்தது. இப்படியே நாலு நாளில் இருபத்திரண்டாம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் நான் வேலை செய்யும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உனக்குத் தெரிந்தது கேட் வரைக்கும்தான். பள்ளிக்கூடம் படிக்கும்போது சாப்பாட்டுப் பாத்திரத்தை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுவாய், உள்ளே ஒரு நாளும் வந்ததில்லை. ஷூவுக்கு அடிப்பாகத்தையும் மேல்பாகத்தையும் பசை போட்டு ஒட்டுகிற வேலைதான் எங்கள் யூனிட்டில். முதலாளிக்கு இதே மாதிரி நான்கு யூனிட்டுகள், நான்குக்கும் எலக்ட்ரீசியன் நான் ஒருவன்தான். ஒட்டிய ஷூவைப் பேர் ஊர் இல்லாத அட்டைப் பெட்டியில் போட்டுப் பெரிய காண்ட்ராக்டருக்கு அனுப்புவோம், அவர் எங்கேயோ வைத்து முத்திரை குத்தி வேறு யாருக்கோ அனுப்புவார். அந்த வேறு யாரோ யார் என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. முதல் யூனிட்டின் பசை ரூமில் ஆறு வருஷமாக உன் சித்தி வேலை செய்கிறாள், அது உனக்கே தெரியும். அந்த ரூமுக்கு இரண்டு ஜன்னல், தூசி வந்து பசையில் ஒட்டும் என்பதால் இரண்டையும் சாத்தித்தான் வைத்திருப்பார்கள்.

இருபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு சுவர், சுவரில் மூன்று எக்ஸாஸ்ட் ஃபேன், அதற்குக் கீழே பசை போடுகிற மேசை. அதில் மூன்றாவது ஃபேனின் கூண்டில் ஒரு திருகாணி தொலைந்துபோய்விட்டதால் பச்சை ஒயர் வைத்துக் கட்டியிருந்தது. அந்த முடிச்சைப் பார்த்ததும் நான் எழுந்தே நின்றுவிட்டேன், ஏனென்றால் அது நான் போட்ட முடிச்சு. உன் அம்மாவைக் கூப்பிட்டு, என் வேலை புத்தகத்துல வந்திருக்கு பாருடி என்று காட்டினேன். அவள் நம்பாமல் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கோ கடல் தாண்டி இருக்கிற என் மகளுடைய புத்தகத்தில் அவளுக்கே தெரியாமல் அவள் அப்பாவின் கைவேலை இருக்கிறது என்றால் எவ்வளவு சந்தோஷமாக இருக்கும், நீயே சொல். நாங்கள் ஒட்டுகிற ஷூ உன் கம்பெனிக் கடையில் போய் உட்காருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்தச் சந்தோஷத்தோடேயே அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அது இரண்டாவது யூனிட்டின் சுவர், அங்கேயும் மூன்று ஃபேன், மூன்றாவதில் பச்சை ஒயர். இருபத்து நான்கிலும் பச்சை ஒயர், இருபத்தைந்திலும் பச்சை ஒயர். உன் அம்மா உள்ளே போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்துவந்தாள். எங்கள் பெயர் எங்கேயும் இல்லை, பெரிய காண்ட்ராக்டரின் பெயர் மட்டும்தான், அதனால்தான் உனக்கும் தெரியாமல் போயிருக்கிறது. அடியில் பெரிய எழுத்தில் போட்டிருந்ததை டீச்சரம்மாதான் படித்துச் சொன்னார். நான்கு யூனிட்டுகளில் பன்னிரண்டு ஃபேன்கள் பொருத்தப்பட்டு, நூற்று அறுபது தொழிலாளர்கள் இப்போது சுத்தமான காற்றைச் சுவாசிக்கிறார்களாம். குட்டி, பன்னிரண்டு இல்லை, மூன்றுதான்.

நடந்ததை உள்ளது உள்ளபடி சொல்கிறேன். போன வருஷம் மழைக்கு முன்னால் எங்கள் சூப்பர்வைசர் வந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆமாஞ்சாமி, முதலாளி தும்மினால்கூட ஆமா சார் என்பார். அவர் மூன்று ஃபேனை வண்டியில் கொண்டுவந்து இறக்கி, வெளிநாட்டுலேர்ந்து விருந்தாளி மாதிரி ஒருத்தங்க வர்றாங்க, சாயங்காலத்துக்குள்ள மாட்டிடுங்க என்றார். மாட்டினேன். மறுநாள் காலையில் ஒரு அம்மா வந்து, கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு மரியாதையாக எல்லாவற்றையும் பார்த்துப் படம் எடுத்தார். பத்து மணிக்கு வந்தவர் பன்னிரண்டுக்குப் போய்விட்டார், பசை காய்ந்து நெடி ஏறுவது மத்தியானம் மூன்று மணிக்குமேல்தான், அது அவருக்குத் தெரிய வழியில்லை. ஃபேன் எப்பவும் ஓடுமா என்று என்னிடம் கேட்டார். புது ஃபேன் மேடம், நல்லா ஓடும் என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கேட்காததற்குப் பதில் சொன்னேன். அந்த அம்மா ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டாகப் பார்ப்பதால், அன்று சாயங்காலமே மூன்றையும் கழற்றி இரண்டாவது யூனிட்டில் மாட்டினேன், அப்புறம் மூன்றாவதில், அப்புறம் நான்காவதில், கடைசியில் துணி சுற்றி ஸ்டோர் ரூமில் வைத்தாயிற்று. எதற்கெடுத்தாலும் ஏன் எதற்கு என்று நச்சரிக்கிற ஆள் இதை மட்டும் ஏன் கேட்கவில்லை என்று நீ கேட்பாய். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பக்கத்து வீட்டில் நாலு நாற்காலி வாங்கிப் போடுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன் குட்டி, பார்க்க வந்தவர்கள் முன்னால் நம் இடம் அசிங்கமாகத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டியது. அந்த அம்மா எழுதிக்கொண்டு போவது எங்கே போய்ச் சேரும், யார் அதை நம்பி உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசிக்கவில்லை. நம்பி உட்கார்ந்திருந்தது நீ என்பது இப்போதுதான் தெரிகிறது. உன் மேல் தப்பு என்று நான் சொல்லவில்லை, நான்கு மூன்று பன்னிரண்டு என்று நீ கூட்டியது சரிதான். ஏமாற்றியது நான்.

இதில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. ஃபேன் ஓடிய அந்த ஒரு நாள் சாயங்காலம் உன் சித்தி என்னிடம் வந்து, மாமா, இன்னிக்குத் தலைவலியே இல்ல, இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே என்று கேட்டாள். வண்டி வந்து நிக்குதும்மா என்று சொல்லிவிட்டு நான் கழற்றினேன். அப்போது கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் அவள்தான். இப்போது அவளுக்கு வாசனை தெரியவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள், இப்போது அவளிடமே அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். போன மாதம் நம் வீட்டுக்கு வந்து அடுப்புப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள், பால் பொங்கி வழிந்து தீய்ந்து வாசல் வரைக்கும் நாற்றம், உன் அம்மா துணி காயப்போட்ட இடத்திலிருந்து முழங்காலோடு ஓடிவருகிறாள், இவள் ஏன்க்கா ஓடி வர்ற என்று கேட்கிறாள். டாக்டர், பசையை விட்டுக் கொஞ்ச நாள் தள்ளி இருந்தால்தான் திரும்ப வருமா வராதா என்று சொல்ல முடியும் என்றார். தள்ளி இருந்தால் அவள் இடத்தில் மறுநாளே வேறு ஆள் வந்துவிடும், அதனால் யூனிட்டில் அவள் மூச்சு விடவில்லை.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியவில்லை. போன வாரம் ஆமாஞ்சாமி மறுபடியும் அந்த மூன்று ஃபேனை இறக்கினார், இந்த வருஷ விருந்தாளி வருகிறாராம். நான் யாரையும் கேட்கவில்லை. சுவரில் இரும்புச் சட்டம் இறக்கி, போல்ட்டை மறுபக்கம் வரைக்கும் விட்டு முறுக்கி, சுற்றிலும் சிமென்ட் பூசினேன். ஒயரைப் பைப்புக்குள் ஓட்டி லைட் ஸ்விட்சோடு சேர்த்துவிட்டேன், லைட் எரிந்தால் ஃபேன் ஓடும், லைட் இல்லாமல் யாரும் பசை போட முடியாது. ஆமாஞ்சாமி பார்த்துவிட்டு, இந்தத் தடவ ஃபினிஷிங் பிரமாதம் என்று பாராட்டினார். பார்வையிட வந்தவர் போன மறுநாள் அவரே ஸ்பேனர் எடுத்துக்கொண்டு கழற்ற வந்தார். கால் மணி நேரம் முக்கிப் பார்த்து வியர்த்து இறங்கி, என்னய்யா இது என்றார். சுவரை இடித்தால்தான் வரும் என்றேன். அவர் ஆமா சார் என்று சொல்லாமல் நின்ற ஒரே சந்தர்ப்பம் அதுதான். முதலாளி வந்தார். பசை ரூமுக்குள் வந்து பத்து நிமிஷம் நின்றார், அவர் அங்கே அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், உன் படிப்புக்கு லீவு லெட்டர் இல்லாமலே எனக்கு எத்தனையோ நாள் லீவு கொடுத்தவர். அவர் கோபப்படவில்லை. ஃபேன் மாட்டுன்னு ஒரு லெட்டர் வருது, அதே வாரம் வெலையக் கொறைன்னு இன்னொரு லெட்டர் வருது, ரெண்டும் ஒரே கம்பெனிதான்யா, நான் எதுக்குன்னு பதில் போடுறது என்றார். அப்புறம், மூணும் இங்கயே இருந்தா மத்த மூணு எடத்துக்கு நான் எங்க போறது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று என்னிடம் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. என் மகள் எங்கே வேலை செய்கிறாள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நம் யூனிட்டில் மட்டும் பூசினேன், உன் சித்தி அங்கே இருக்கிறாள் என்பதால்தான், அதில் சுயநலம் இருக்கிறது, மறைக்கவில்லை.

அவர் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. உங்கள் ஆபீசில் விலை பேசுகிறவர் உட்காருகிற அறையும் நீ உட்காருகிற அறையும் ஒரே மாடியிலா, இரண்டுக்கும் நடுவில் கதவு இருக்கிறதா, நீ எழுதின புத்தகத்தை அவர் படித்தாரா, அவர் எழுதின லெட்டரை நீ பார்த்திருக்கிறாயா? வருகிற தேதியை இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே ஏன் சொல்லி அனுப்புகிறீர்கள்? பெண்களிடம் பேசும்போது சூப்பர்வைசரை ஏன் பக்கத்தில் நிற்க வைக்கிறீர்கள்? குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை குட்டி, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது, பெரிய கம்பெனி உள்ளே எப்படித்தான் ஓடுகிறது என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஸ்க்ரூடிரைவர் கிடைக்கவில்லை, நீதான் உள்ளே இருக்கிறாய். எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இரண்டாவது யூனிட்டுக்கு வருகிறவர் அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வருகிறார். அங்கே வெறும் சுவரில் போன வருஷத்து ஓட்டைகள் மட்டும்தான் இருக்கும், அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவார். அப்போது உன் கம்பெனி என்ன செய்யும்? இந்த இடம் சரியில்லை என்று ஆர்டரை வெட்டிவிட்டுக் கை கழுவிக்கொள்ளுமா? அப்படிச் செய்தால் உங்கள் புத்தகம் சுத்தமாகிவிடும், இங்கே நூற்று அறுபது வீட்டில் அடுப்பு எரியாது. உன் சித்தியிடம் அனுமதி கேட்டபோது அவள் என்ன சொன்னாள் தெரியுமா? சொல்லுங்க மாமா, ஆனா எனக்கு வேலையும் வேணும் காத்தும் வேணும், ரெண்டுல ஒண்ணுன்னு மட்டும் யாரும் கேக்கக் கூடாது என்றாள். இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இதை அப்படியே உன் மேலதிகாரியிடம் சொல்.

ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. என் அப்பா அந்த யூனிட்டில்தான் வேலை செய்கிறார், இது எனக்கு இப்போதுதான் தெரியும் என்று முதலில் நீயே போய்ச் சொல்லிவிடு, இன்னொருவர் கண்டுபிடித்துச் சொல்லும்படி வைத்துக்கொள்ளாதே. அடுத்த தடவை இங்கே அனுப்புகிற ஆளை உன் கையால் தேர்ந்தெடுக்காதே, வேறு யாராவது செய்யட்டும். புத்தகத்தில் உன் பெயர் இருப்பதால் உனக்கு அவமானம் வரலாம், கொஞ்ச நாள் ஆபீசில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அது என்னால் வந்தது. பேசாமல் விட்டுவிடலாமா என்று உன் அம்மாவிடம் இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே, நம்ம பொண்ணு பொய்யத் தொகுத்தவன்னு இருக்குறதவிடத் திருத்துனவன்னு இருக்கட்டும், எழுதுங்க என்றாள். பேனாவை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறேன் என்று நான் ஒத்துக்கொண்ட பிறகுதான் அந்தப் பேனா கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள்.

உன் புத்தகத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், கோபத்தில் இல்லை, நான்கு பக்கத்திலும் பச்சை ஒயரைப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன், உனக்கு ஆதாரமாக இருக்கும். யார் சொன்னது என்று கேட்டால் கழற்றி மாட்டினவனே சொன்னான் என்று சொல், என் பெயர், விலாசம், கையெழுத்து எல்லாம் பின்பக்கத்தில் இருக்கிறது, கூப்பிட்டால் வந்து சொல்லவும் தயார். அடுத்த வருஷப் புத்தகத்தில் மூன்று என்றால் மூன்று என்றே போடு, இன்னும் ஒன்பது பாக்கி என்றும் போடு, அட்டை வழவழப்பாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது, நல்ல உடம்போடும் நிமிர்ந்த முகத்தோடும் இரு. போர்வையை மறந்துவிடாதே. ஐந்தாம் தேதியையும் மறந்துவிடாதே.

இப்படிக்கு,
பன்னிரண்டையும் மாட்டிய
உன் அப்பா